டூசான் பாலைவனத்தில் விமானம், ஏவுகணை, சுரங்கம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரைச் சுற்றியுள்ள அறிவியல், விமான, சுரங்க இடங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் இரண்டு விஷயம். வண்டியில் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

டல்லாஸிலிருந்து: பீமா விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

போதாது. 80 ஏக்கரில் சுமார் 400 விமானங்கள் நிற்கின்றன. எஸ்.ஆர்-71 உளவு விமானம், போயிங் 787-இன் சோதனை விமானங்களில் ஒன்று, அதிபர் கென்னடி பயன்படுத்திய விமானம் எல்லாம் அங்கே இருக்கின்றன. காலையில் திறந்தவுடன் வெளியே நிற்பவற்றைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் கொட்டகைகளுக்குள் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, நண்பகலில் தலைவலியோடு திரும்புகிறார்கள்.

சான் ஹோசேயிலிருந்து: பழைய ராணுவ விமானங்களை நிறுத்திவைக்கும் ‘போன்யார்ட்’ இடத்தை அந்தப் பாலைவனத்தில் ஏன் வைத்தார்கள்? உள்ளே போகலாமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல், மிஞ்சிய விமானங்களை நிறுத்த விமானப்படைக்கு இடம் தேவைப்பட்டது. டூசானில் ஆண்டுக்குச் சுமார் 28 செ.மீ. மழைதான். காற்றில் ஈரம் குறைவு என்பதால் உலோகம் எளிதில் துருப்பிடிக்காது. அதைவிட முக்கியம், அங்குள்ள மண். சுண்ணாம்பு கலந்து கெட்டிப்பட்டிருப்பதால், தளம் போடாமலே கனமான விமானங்களை வெறும் தரையில் நிறுத்த முடிகிறது. ஜன்னல்களிலும் இடுக்குகளிலும் வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பி உள்ளே சூடு ஏறாமல் காக்கும், தேவைப்பட்டால் உரித்தெடுத்துவிடலாம். அதைக் கல்லறை என்று நினைக்காதீர்கள். அங்கே நின்ற பி-52 குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று 2015-லும் இன்னொன்று 2019-லும் மீண்டும் பணிக்குப் பறந்து போயின.

இது ராணுவ இடம். பீமாவிலிருந்து போய்க்கொண்டிருந்த பேருந்துச் சுற்றுலா 2020-இல் நின்றுவிட்டது. கோல்ப் சாலையில் போகும்போது வேலிக்கு வெளியே இருந்து பார்க்கலாம்.

அட்லாண்டாவிலிருந்து: அண்ணா, ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், மூட்டுவலி. டைட்டன் ஏவுகணை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா?

கீழே இறங்க 55 இரும்புப் படிகள். முன்பதிவு செய்யும்போதே மாற்று வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள். முடியாவிட்டால் அம்மா மேலே இருந்தே திறந்த குழிக்குள் நிற்கும் ஏவுகணையைப் பார்க்கலாம். 103 அடி உயரம். அது சுமந்த அணுகுண்டின் வலிமை 9 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறக்குறைய 600 மடங்கு. டூசானைச் சுற்றி இப்படி 18 ஏவுகணைக் குழிகள் இருந்தன, மிஞ்சியது இது ஒன்றுதான். ஒரே ஆள் ஏவிவிடக் கூடாது என்று கீழே கட்டுப்பாட்டு அறையில் இரண்டு சாவித் துளைகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்குள்ள கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து அதை விளக்குங்கள்.

சிகாகோவிலிருந்து: டிரோன் பறக்கவிட்டு போன்யார்டைப் படம் எடுக்கலாமா?

கூடாது.

ஹூஸ்டனிலிருந்து: பயோஸ்பியர் 2 தோற்றுப்போன திட்டம்தானே? அதற்கு ஏன் காசு செலவு செய்ய வேண்டும்?

இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். 1991-இல் எட்டுப் பேர், வெளிக்காற்று புகாதபடி மூடிய மூன்று ஏக்கர் கண்ணாடிக் கூடத்துக்குள் போய் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 14-க்கு இறங்கியது. சத்து மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றன. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு அதே அளவு ஏறியிருக்க வேண்டும், ஆனால் ஏறவில்லை. தேடிப் பார்த்ததில், புதிய கான்கிரீட் சுவர்கள் அதை உறிஞ்சிச் சுண்ணாம்பாக்கியிருந்தது தெரிந்தது. மூடாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

அவரே மீண்டும்: வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்களே, அது ஏமாற்று இல்லையா?

1993 ஜனவரியில் ஏற்றினார்கள். ஆட்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள், ஏற்றாமல் இருந்திருந்தால்தான் குற்றம். கார்பன் டை ஆக்சைடை நீக்கும் இயந்திரம் இருந்ததை நிர்வாகம் முதலில் வெளியே சொல்லாதது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவறை நிர்வாகத்தின் கணக்கில் எழுதுங்கள், கட்டடத்தின் கணக்கில் எழுதாதீர்கள். அதே கட்டடத்தின் செயற்கைக் கடலில்தான், கார்பன் டை ஆக்சைடு கூடினால் பவளம் வளர்வது குறையும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று கடல் அமிலமாவதைப் பற்றி நாம் பேசுவதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது அரிசோனா பல்கலைக்கழகம் நடத்துகிறது. போனால் ‘நுரையீரல்’ என்று அழைக்கப்படும் அறையைத் தவறவிடாதீர்கள். பகலில் காற்று சூடாகி விரிந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அதைத் தாங்க, ஒரு பிரம்மாண்டமான ரப்பர் கூரையையே மேலும் கீழும் போய்வர விட்டிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: கிட் பீக் வானாய்வகத்துக்கு இரவில் போகிறோம். எச்சரிக்கை ஏதும் உண்டா?

ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மலை டொஹோனோ ஓ’ஓதம் பழங்குடி மக்களின் நிலம், அவர்களுக்குப் புனிதமானது. 1958-இல் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்த மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். திரும்பும் வழியில் 86-ஆம் சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. பாஸ்போர்ட் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சியாட்டிலிலிருந்து: போன்யார்ட் பேருந்துக்கு டிக்கெட் எங்கே வாங்குவது?

பேருந்து இல்லை. மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

டென்வரிலிருந்து: அப்படியே கிராண்ட் கேன்யனும் பார்த்துவிடலாமா?

அது மாநிலத்தின் மறு கோடி. தனிப் பயணமாக வையுங்கள்.

போஸ்டனிலிருந்து: ஜூலையில்தான் விடுமுறை. பகல் வெயிலில் எங்கே போவது?

பிஸ்பி என்ற பழைய சுரங்க ஊருக்குப் போங்கள். காப்பர் குவீன் செம்புச் சுரங்கம் 1975-இல் மூடியது, மறு ஆண்டே பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தலையில் விளக்கோடு சின்ன ரயிலில் மலைக்குள் போவீர்கள், உள்ளே எப்போதும் 8 டிகிரி செல்சியஸ்தான். ஊருக்குள் கொஞ்சம் நடந்து 1917-இல் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்களுக்கு ஆதரவாக நின்றவர்களையும், சுமார் 1,200 பேரை, துப்பாக்கி முனையில் மாட்டு ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். அதுவும் ஜூலை மாதம்தான். வழியில் மாலை இடி மழை பிடித்துக்கொண்டால், தண்ணீர் ஓடும் சாலைப் பள்ளத்தில் வண்டியை இறக்காதீர்கள். நின்று காத்திருங்கள், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும்.