பிள்ளை மஞ்சளாக இருக்கிறது, வெயிலில் காட்டினால் போதுமா?

பிறந்து 4 நாளான பேத்தியின் முகம் மஞ்சளாகத் தெரிகிறது, காலை வெயிலில் பிடித்தால் சரியாகிவிடுமா என்று வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மம்மா கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் மகப்பேற்று விடுதியில் 27 வருடங்கள் தாதியாக வேலை செய்தவள் நான். போதாது அம்மா. இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

என் தங்கையின் பேரனுக்கும் இதேதான் நடந்தது. தொடர்மாடி வீடு, திரை இழுத்துவிட்ட அறை, மஞ்சள் மின்குமிழ். "இவன் நல்ல பிள்ளை, இரவில் ஒரு கரைச்சலும் இல்லை" என்றாள் தங்கை. எனக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. யன்னலடிக்குக் கொண்டுபோய் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாக நின்றது. நெஞ்சிலும் அப்படியே, உள்ளங்காலிலும் அப்படியே. விடிந்ததிலிருந்து ஒரே ஒரு தரம்தான் சிறுநீர் கழித்திருந்தான்.

மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறப்பொருள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேற வேண்டும். பால் குடிக்காத பிள்ளைக்கு மலம் போகாது; குடலில் தேங்கும் பிலிருபின் திரும்ப இரத்தத்துக்கே போகும். அது கூடக்கூடப் பிள்ளை இன்னும் தூங்கும், இன்னும் குடிக்காது. அளவு மீறினால் மூளையைத் தாக்கி, காது கேளாமலும் போகலாம். அதனால் தூங்கினாலும் எழுப்பி, 2 முதல் 3 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். கொத்தமல்லித் தண்ணீரும் குளுக்கோசுத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். அவை வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும்.

வைத்தியசாலையில் வைக்கும் நீல ஒளி, பிலிருபினை எளிதாக வெளியேறும் வடிவத்துக்கு மாற்றுகிறது. வெயிலிலும் அந்த ஒளி இருக்கிறதுதான்; ஆனால் எவ்வளவு கிடைக்கிறது என்று அளக்க முடியாது, பச்சைப்பிள்ளையின் தோலும் தாங்காது. நம் பிள்ளைகளின் நிறத்துக்குத் தோலை மட்டும் நம்பாதீர்கள், கண்வெள்ளையையும் முரசையும் (ஈறையும்) பாருங்கள். கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல என்னாலும் முடியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் அவசரம். 14 நாள் தாண்டியும் நின்றால், அல்லது மலம் வெளிறிச் சுண்ணாம்பு போல இருந்தால், ஈரலையும் பார்க்க வேண்டும்.

மகளையும் விட்டுவிடாதீர்கள். இரத்தப்போக்கால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பட் (அணையாடை) முழுதாக நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலையிடியோடு கண் மங்கினாலோ காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் திரையை விலக்கி வையுங்கள், அவரும் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

என் தங்கையின் பேரனை அன்று மாலையே ஒளிக்குக் கீழே கிடத்தினார்கள். மூன்றாம் நாள் பசித்து வீறிட்டு அழுதான். தங்கை பயந்துபோனாள், நான் அந்த அழுகையைக் கேட்டுத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.