இயற்பியல் கணக்குக்கு அஞ்சிப் பிரிவை மாற்ற வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

வள்ளியூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் மகனின் காலாண்டு விடைத்தாள் நகலும் கிடைத்தன. இயற்பியலில் தேறவில்லை என்பதால், பதினொன்றாம் வகுப்பின் நடுவிலேயே அவனை வணிகவியல் பிரிவுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வணிகவியல் நல்ல படிப்பு. ஆனால் அதை விரும்பி எடுக்க வேண்டும், இயக்கவியலுக்கு, அதாவது விசையையும் இயக்கத்தையும் பற்றிய இயற்பியல் பாடத்துக்கு, அஞ்சி எடுக்கக் கூடாது.

விடைத்தாளைப் பார்த்தால், சூத்திரங்கள் அவனுக்குப் பிழையின்றித் தெரிகின்றன. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து பிரேக் போட்டு 40 மீட்டரில் நிற்கும் கணக்கில், 72 என்ற எண்ணை அப்படியே சூத்திரத்தில் இட்டு, எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) 64.8 மீ/வி² என்று எழுதியிருக்கிறான். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். நாகர்கோவில் நாற்கரச் சாலையில் எந்தப் பேருந்தும் அப்படி நிற்காது என்பது அவனுக்கே தெரியும், விடையை ஒருமுறை நிதானமாகப் பார்த்திருந்தால். வேகத்தை வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிக்கொண்டால் எதிர்முடுக்கம் 5 மீ/வி² என வரும்; பேருந்தின் நிறை 10,000 கிலோகிராம் என்றால் தடுக்கும் விசை 50,000 நியூட்டன். அந்த விசையைத் தருவது சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு. அவனோ எஞ்சினின் விசையை முன்னோக்கி வரைந்து வைத்திருக்கிறான்.

ஆகவே அவன் கற்க வேண்டியது புதிய சூத்திரம் அல்ல. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதன்மீது பிற பொருள்கள் செலுத்தும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாக வரைந்து, நேர்த்திசை (கூட்டல் குறி பெறும் திசை) எது என்று குறித்த பிறகே சமன்பாடு எழுத வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் செயலும் எதிர்ச்செயலும் வெவ்வேறு பொருள்களின்மீது செயல்படுபவை; அவற்றை ஒரே படத்தில் வரைந்து ஒன்றையொன்று சமன்செய்யும் பிழையைப் பல மாணவர்கள் செய்கிறார்கள், அவனும் லிஃப்ட் கணக்கில் செய்திருக்கிறான்.

உங்கள் ஊருக்கு அருகே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ பொறியாளர்கள் அளக்கும் உந்துவிசையும் இதே நியூட்டன் விதிகளுக்கு உட்பட்டதுதான். பொறியியலோ பாலிடெக்னிக்கோ, எதில் சேர்ந்தாலும் இந்தப் பாடம் அவனோடு வரும்.

அரையாண்டுத் தேர்வு வரை நாளுக்கு இரண்டு கணக்குகள் போதும், படத்தோடு. விடையைவிட முதலில் படத்தையே இயற்பியல் ஆசிரியரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பிரிவு மாற்றத்துக்குப் பள்ளியில் எதுவரை அனுமதி உண்டு என்பதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அவனுக்கு எதில் விருப்பம் என்பதை அவனிடமே கேளுங்கள்.