கிரனாடாவில் சைவம்: ஏழு மணிப் பசிக்கு என்ன வழி?

ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் படிக்க வந்து மூன்று வாரமாகிறது, மாலை ஏழு மணிக்குப் பசித்தால் எங்கும் சாப்பாடு கிடைப்பதில்லை, 'கறி வேண்டாம்' என்றாலும் தட்டில் பன்றித்துண்டு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் மாதம் இதே கதைதான்.

முதலில் கறி விஷயம். 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையும் அதுன் என்ற சூரை மீனும் பலருக்குக் கறிக் கணக்கிலேயே வராது. 'சின் ஹமோன், சின் அதுன்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இந்த ஊரில் குடிக்க ஏதாவது வாங்கினால் தபா என்ற சிறு தட்டு இலவசமாக வருமே, அதற்கும் பானம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். சல்மொரேஹோ வெறும் தக்காளிக் கூழ்தானே என்று நம்பிவிடாதீர்கள், மேலே ஹமோன் தூவியிருப்பார்கள். கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் கிடைத்தால் விடாதீர்கள். கத்தரிக்காய்க்கு இனிப்பா என்று நானும் முகம் சுளித்தவன்தான்.

அப்புறம் நேரம். 1940இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனி நேரத்துக்கு மாறிய ஸ்பெயின்காரர்கள், திரும்ப மாற்றவேயில்லை. அதனால் கடிகாரப்படி பார்த்தால் சாப்பாட்டு நேரமும் தள்ளித்தான் வரும், நம் வயிறுதான் மாற வேண்டும். இரண்டரைக்கு வயிறு நிறைய மதியச் சாப்பாடு, ஆறு மணிக்கு மெரியெந்தா என்ற சிற்றுண்டி, ஒன்பதுக்கு மேல் இரவுச் சாப்பாடு.

ஞாயிறு பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசியும் 'லெந்தேஹாஸ்' பருப்பும் வாங்கி வையுங்கள். சாம்பார் ருசி வராது, ரசத்துக்குச் சமாளிக்கலாம்.