கொசு மருந்து டெண்டரைக் கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம், கெடுதலான ரசாயனங்களிலிருந்து மக்களைக் காக்கத் தனிச் சட்டமே வைத்திருக்கிறதாம். நம் டெல்டாவுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டது. இதற்கு மேல் எங்கள் மாநகராட்சி என்ன செய்துவிட முடியும்? அதிகாரமெல்லாம் சென்னையிலும் டெல்லியிலும்தானே இருக்கிறது?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று மாநகராட்சிதான் சொல்லும். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்களே!

வேளாண் மண்டலச் சட்டத்தை முதலில் பார்ப்போம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்து ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடிய பிறகு, 2020 பிப்ரவரியில் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாது, தாமிர உருக்காலை கூடாது, தோல் பதனிடும் ஆலை கூடாது என்கிறது. ஏற்கெனவே இருக்கும் கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை இருந்தாலும் நல்ல சட்டம்தான். ஆனால் அது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கப் போட்ட வேலி. ஊருக்குள் நாமே காசு கொடுத்து வாங்கி, அடித்து, வாய்க்காலில் விடுகிற விஷத்தை அது என்ன செய்யும்?

சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் அங்கேதான் கை வைத்தார்கள். 1996-ல் தங்கள் நகராட்சிக்கே கடிவாளம் போட்டுக்கொண்டார்கள். நகரத்துக்குச் சொந்தமான பூங்காக்களிலும் கட்டடங்களிலும் பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டும். பட்டியலில் உள்ளதைத்தான் அடிக்கலாம். அடிக்கும் இடத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். 2003-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பொருளால் கெடுதல் வரலாம் என்று தெரிந்தால், முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்காமல், கெடுதல் குறைந்த மாற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னது.

இதெல்லாம் பணக்கார ஊர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1996-ல், பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீதான வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொன்னது. கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது, கெடுத்தவன்தான் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. வழக்கு கிளம்பியது வேலூரிலிருந்து, தீர்ப்பு நாட்டுக்கே சட்டமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். சாயங்காலம் கொசு வண்டி வருகிறது, புகை அடிக்கிறது, குழந்தைகள் பின்னாலேயே ஓடுகின்றன. அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டோமா? பொதுவாக டீசலில் கலந்து அடிப்பது மாலத்தியான் அல்லது பைரித்திரம் என்கிற பூச்சிக்கொல்லி. மாலத்தியான் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2015-ல் வைத்தது. டெங்கு பொய் என்று நான் சொல்லவில்லை. நோய் பரவும்போது புகை தேவைப்படலாம். ஆனால் புகை கொல்வது பறக்கிற கொசுவை மட்டும். தொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும் நெளிகிற புழு அப்படியேதான் இருக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க ஆள் போடுவது கண்ணில் படாத வேலை, புகை எல்லோர் கண்ணிலும் படும். கவுன்சிலர்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்கிற டெண்டர் டெல்லியிலா போடப்படுகிறது?

அடுத்தது குப்பை. 2016 திடக்கழிவு விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவைத் தனியாக வாங்க வேண்டும் என்று வந்துவிட்டது. பழைய டியூப் லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில் எல்லாம் இதில் சேர்த்தி. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம், ஊர் அதைவிடச் சிறியதானாலும் ஒன்று வேண்டும் என்றது அந்த 2016 விதி. டெல்டா நகரங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். சுற்றுப்பட்டு கிராமத்து விவசாயி பூச்சிமருந்து வாங்க உங்கள் கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்; காலி பாட்டில் வரப்பிலும் வாய்க்காலிலும் மிதக்கிறது. உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதி சொல்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இந்த மண்ணில் எங்கே புதைப்பது? வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு வேண்டும், அதை வாங்கி வைக்க ஒரு மையம் வேண்டும். மையம் எதுவும் இல்லையென்றால் எல்லாம் ஒரே கிடங்குக்குப் போகும். கிடங்கு தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று திருச்சி அரியமங்கலத்துக்காரர்களைக் கேளுங்கள்.

மேலேயிருந்து வருவதை உங்கள் மாநகராட்சி தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயத் தண்ணீரும் நொய்யல் கொண்டுவந்த கழிவும் கடைமடைக்காரன் தலையில்தான் விடிகிறது. மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை மாசுபட்ட காவிரி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2018-ல் பட்டியலிட்டது. அதற்கு மாநில அரசின் சட்டையைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அரசலாற்றில் விழுகிற உங்கள் ஊர்ச் சாக்கடைக்கு ஈரோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். சென்ற ஆண்டு வாங்கிய கொசு மருந்தின் பெயரும் அளவும் என்ன, அபாயக் கழிவு மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, சுத்திகரிக்காத சாக்கடை எத்தனை இடத்தில் ஆற்றில் சேர்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்தால் நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம். வராவிட்டால் அதையும் போடுகிறோம்.