பெயரை மறைக்கலாம், ஆளை மாற்றலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சூளையில் சுட்டு, பூ அச்சிட்ட டைல்ஸை, பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் என்று வெளியூர்க்காரர்களிடம் விற்கிறார்கள். வேலைக்குப் பயந்து, வீடு கட்டுவோரின் இணையக் குழுவில் புனைபெயரில் இதை எழுதினேன். "பேர் சொல்லாதவனை எப்படி நம்புவது?" என்றார்கள். ஆத்திரத்தில் வேறொரு பெயரில் வந்து, "நானும் அங்கே வாங்கி ஏமாந்தேன்" என்று நானே எழுதிவிட்டேன். தப்பா, ஆச்சி?

பதில்: தம்பி, பெயரை மறைத்தது தப்பில்லை. சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு வயிறு இருக்கும். ஆனால் வாங்காத கல்லை வாங்கியதாகச் சொன்னீர்களே, அது பொய். இன்றைக்கே பழைய பெயரில் போய், "அதையும் எழுதியது நான்தான்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் கடைக்காரர் செய்தது மறந்துபோய், நீங்கள் செய்ததுதான் பேச்சாகும். வெயிலில் குனிந்து கல் போடும் ஆத்தங்குடிக்காரர்களின் பிழைப்பு இதில் இருக்கிறது. அதனால்தான் பதறுகிறேன்.

நம்ம பக்கம் விலாசம் என்போமே, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் லேவாதேவிக் கடைக்கு வைத்த முன்னெழுத்துகள். முகம் தெரியாத ஊரிலும் அந்த எழுத்துக்கு உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு, செல்லும். சொன்ன நாளில் பணம் கொடுத்துக் கொடுத்து ஏறிய மதிப்பு அது. உங்கள் புனைபெயரும் ஒரு விலாசம்தான். ஒன்றே ஒன்று போதும், வருஷக்கணக்கில் அதிலேயே எழுதுங்கள். "இந்தத் தொழிலில் இருக்கிறேன், வேலைக்குப் பயந்து பெயர் சொல்லவில்லை" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

என்னை நம்புங்கள் என்று கெஞ்ச வேண்டாம், கல்லைக் காட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையே பார்க்காதது. கண்ணாடிமேல் தகட்டு அச்சை வைத்து, கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. உடைந்த ஓரத்தில் நிறம் உள்ளேயும் இறங்கியிருக்கும், பின்பக்கம் வெறும் சிமெண்டும் மணலும். அச்சிட்ட டைல்ஸில் பூ மேல்தோலோடு நின்றுவிடும். இரண்டிலும் உடைந்த துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் கடை தெரியாமல் படம் எடுத்துப் போடுங்கள். வாங்குகிறவர் கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார், உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்.

கடையின் பெயரைச் சொல்வதானால், கண்ணால் பார்த்ததை மட்டும், பார்த்த அளவுக்கே சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.