புரூஃப் நாணயத்தின் வெண்மை: அச்சில் வந்ததா, பிறகு பூசியதா?

சேகரிப்பவர்களுக்காக மெருகேற்றிய அச்சில் தனியாக அடிப்பது புரூஃப் நாணயம். அதில் தளம் கண்ணாடிபோல் மின்ன, உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்து நிற்பதைத்தான் கேமியோ என்கிறோம். கேமியோவைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அண்ணா, சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் 1961 ஃபிராங்க்ளின் அரை டாலர் பார்த்தேன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உருவம் போட்ட அமெரிக்க நாணயம். கேமியோ என்று சொல்லி விலையை நன்றாக ஏற்றிச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

விலை பேசுவதற்கு முன் 10 மடங்கு லென்ஸை எடுங்கள் தம்பி. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அச்சை அமிலத்தில் நனைத்துவிட்டு, அதன் தளத்தை மட்டும் மெருகேற்றுவார்கள். உருவம் அச்சில் குழிவாக இருப்பதால் மெருகு அங்கே எட்டாது. அந்தச் சொரசொரப்புதான் நாணயத்தில் வெண்மையாக இறங்குகிறது. ஆகவே உண்மையான வெண்மை உருவத்தின் ஓரத்தில் வெட்டினாற்போல் நின்றுவிடும். தளத்தில் வழிந்திருந்தால் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கீறலைத் தேடுங்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். உண்மையான வெண்மையில் கீறல் விழுந்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். நண்பர் ஒருவர் கொண்டுவந்த நாணயத்தில் ஃபிராங்க்ளின் கன்னத்தில் ஒரு கீறல். அதற்குள்ளும் வெண்மை படிந்திருந்தது. நாணயத்தின் பின்பக்கத்து மணி உருவத்தில் உள்ள சிற்றெழுத்துகள் மாவு அடைத்ததுபோல் இருந்தன. கீறல் விழுந்த பிறகு யாரோ பூசியிருக்கிறார்கள். பாவம், அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

ஒரு பக்கம் மட்டும் வெண்மை இருந்தால் போலியா?

இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அச்சு. அடிக்க அடிக்க வெண்மை தேயும். ஒன்று புதிதாகவும் மற்றது தேய்ந்தும் இருந்திருக்கும். ஆனால் தரச் சான்றில் கேமியோ என்று போட இரண்டு பக்கமும் வேண்டும்.

இப்போது வரும் புரூஃப் எல்லாமே வெண்மையாகத்தானே இருக்கின்றன?

ஆமாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1970களில் அச்சுக்குக் குரோமிய முலாம் பூசத் தொடங்கியதிலிருந்து வெண்மை நீடிக்கிறது.

அப்பா பழைய பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த நாணயம், அண்ணா. தளத்திலும் மங்கலாக இருக்கிறது. அசிட்டோனில் போடலாமா?

தளமும் மங்கியிருந்தால் அது கேமியோ இல்லை அம்மா, படலம். சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். உறையின் பிசுக்கும், யாராவது வண்ணம் பூசியிருந்தால் பெரும்பாலும் அதுவும் கரைந்துவிடும். அச்சில் வந்த வெண்மைக்கு ஒன்றும் ஆகாது. அமிலத்தால் அரித்த போலி மட்டும் இதில் மாட்டாது, அதற்கு லென்ஸ்தான். எடுத்த பிறகு துணியால் தேய்க்கவே கூடாது, தானாக உலரட்டும். அப்புறம் அந்தப் பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும்.