பின் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால்

ஓடிடி படம் ஓடும்போது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) சவுண்ட்பாரின் பின் ஸ்பீக்கர்கள் ஊமை, ஆனால் டெஸ்ட் டோன் (சவுண்ட்பாரே எழுப்பும் சோதனை ஒலி) மட்டும் கேட்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, தயவுசெய்து கழற்றிக் கடைக்குத் தூக்காதீர்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் பி.சி.எம். (டிவியே பிரித்து அனுப்பும் ஒலி) என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு) வழியாக பி.சி.எம். இரண்டு சேனல்தான், அதாவது இடது, வலது மட்டும்தான் போகும். பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் சவுண்ட்பாருக்கே அனுப்புவது) என்று மாற்றுங்கள். கேபிள், ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. போர்ட்டில்தான் இருக்க வேண்டும். மாற்றியபின் டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி 2 நிமிடம் கழித்துப் போடுங்கள்.

படத்தின் ஆடியோ மெனுவில் 5.1 தேர்வாகியிருக்கிறதா? பழைய படங்கள் பல ஸ்டீரியோதான். அவற்றுக்கு சவுண்ட்பார் ரிமோட்டில் சரவுண்ட் மோடு போட்டால் பின்னாலும் கேட்கும்.